காலையில் எடுக்க மறுக்கும் வண்டி

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

"ஏதாவது உபயோகமான விஷயமாப் பேசு, ஹாஸ்டல் சாம்பார் கதை வேண்டாம், அதை எல்லாரும் பேசிடுவாங்க" என்று செயலாளர் அண்ணாச்சி முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். அதனால் நான் அன்றாடம் சோறு தின்கிற தொழிலைப் பற்றியே பேசுகிறேன். நான் டீசல் இன்ஜின் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் என்னிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. "வண்டி காலையில எடுக்க மாட்டக்கு, ஒரு நிமிஷம் வந்து பாரேன்" என்றுதான் கேட்கிறார்கள். இன்றைக்கு என் தலைப்பும் அதுதான். பழைய டீசல் பிக்கப் வண்டி காலையில் சிரமப்பட்டு ஸ்டார்ட் ஆவது ஏன், அதை எந்த வரிசையில் பார்த்துக் கண்டுபிடிப்பது?

இது மெக்கானிக்கல் படித்தவர்களுக்கு மட்டும் ஆன விஷயம் இல்லை. நம் தாமிரபரணிப் பக்கத்தில் பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் ஆற்றோரமாகப் போய்ப் பாருங்கள். நெல் மூட்டை, வாழைத்தார், காய்கறி, செங்கல், கோழித்தீவனம், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எதுவானாலும் ஒரு பழைய பிக்கப்பில்தான் போகும். டாடா 407 வந்தது 1986-ல். டாடாமொபைல் பிக்கப் 1988-ல் வந்தது. அந்த வழியில் 207 வந்தது. மஹிந்திரா ஜீப்பிலும் அதன் பிக்கப்புகளிலும் பெஜோ டிசைன் டீசல் இன்ஜின் ஓடியது. 2000-த்தில் பொலேரோ வந்து, அதன் பிக்கப் வடிவம் கிராமம் கிராமமாகப் பரவியது. இவற்றில் பல வண்டிகள் இரண்டாம் கை, மூன்றாம் கை மாறி, தவணை எல்லாம் முடிந்து, ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக நிற்கின்றன. அந்தக் குடும்பத்துக்கு அந்த வண்டி ஒரு மரக்கால் விதைப்பாடு வயல் மாதிரி. வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் எப்படியோ, விடியற்காலை 3 மணிக்கு வண்டி எடுக்காவிட்டால் அப்படி.

நயினார்குளம் மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோகிறவருக்கு நேரம்தான் விலை. விடியுமுன் போனால் ஒரு விலை, விடிந்து போனால் வேறு விலை. களக்காட்டு ஏத்தன் தாரை ஏற்றிக்கொண்டு ஆரல்வாய்மொழி தாண்டிப் போகிறவருக்கும் அதே கதைதான். வண்டி 1 மணி நேரம் முரண்டு பிடித்தால் அன்றைய லாபம் போச்சு. வாரத்தில் 3 நாள் முரண்டு பிடித்தால் வாடிக்கையே போச்சு.

அப்போது அவர் என்ன செய்வார்? மெக்கானிக்கிடம் போவார். அவரும் வேலை நெருக்கடியில், "இன்ஜின் வீக் ஆயிட்டு அண்ணாச்சி, வேலை பார்த்துட்டா 5 வருஷத்துக்குப் பயமில்லை" என்பார். 60,000, 70,000 ரூபாய் என்று எஸ்டிமேட் வரும். வீட்டில் இருக்கிற நகை அடகுக்குப் போகும். இன்ஜின் வேலை உண்மையிலேயே தேவைப்படுகிற வண்டியும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் தேவையா இல்லையா என்று தெரிந்துகொள்ள அரை நாள் போதும். அந்த அரை நாளைப் பற்றித்தான் என் பேச்சு.

முதலில் கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை கிடையாது.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மன் இன்ஜினியர் 1890-களில் உருவாக்கிய இந்த இன்ஜினில் தீப்பொறி போட ஸ்பார்க் பிளக் கிடையாது. வெறும் காற்றை உள்ளே இழுத்து, 16-ல் ஒரு பங்கு, 20-ல் ஒரு பங்கு என்று நசுக்குகிறோம். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப் அடியில் சுடுகிறது அல்லவா, அதே சூடுதான். கணக்குப் போட்டால் 600 டிகிரி தாண்டும். டீசல் தானாகத் தீப்பிடிக்க 210-லிருந்து 250 டிகிரி போதும். ஆகவே நசுங்கிச் சூடான காற்றில் டீசலைப் பனிபோலத் தூவினால் தானாகப் பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் இன்ஜின்.

அப்படியானால் ஸ்டார்ட் ஆவதற்கு மூன்று விஷயம் வேண்டும். ஒன்று, இன்ஜின் வேகமாகச் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் நசுக்கிய காற்று ரிங் வழியாகக் கசிந்துவிடும். இருக்கிற சூட்டையும் குளிர்ந்த சிலிண்டர் சுவர் குடித்துவிடும். இரண்டு, டீசல் சரியான நேரத்தில், சரியான அளவில், பனியாக வந்து விழ வேண்டும். மூன்று, காற்று தாராளமாக வந்து, கசியாமல் நசுங்க வேண்டும். காலையில் எடுக்காத எந்த வண்டியாக இருந்தாலும் கோளாறு இந்த மூன்று அறைக்குள்ளேதான் ஒளிந்திருக்கும். நாலாவது அறை கிடையாது.

இங்கே நம்ம ஊர் சம்பந்தப்பட்ட ஒரு சேதி. "குளிர் அண்ணாச்சி, அதான் எடுக்கலை" என்று பலர் சொல்வார்கள். ஊட்டியில் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். நம் திருநெல்வேலியில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். 20 டிகிரியில் நல்ல டீசல் இன்ஜின் இரண்டு மூன்று சுற்றில் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் பழி குளிர் மேல் இல்லை. இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். கல்லிடைக்குறிச்சியில் நன்றாக எடுக்கிற வண்டி, மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்குப் பக்கம் ராத்திரி நிறுத்தினால் மட்டும் எடுக்கவில்லை என்றால், கம்ப்ரஷனோ ஹீட்டர் பிளக்கோ பலவீனம் என்று சந்தேகப்படலாம். கீழேயே எடுக்கவில்லை என்றால் வேறு இடத்தைப் பாருங்கள்.

சரி, சோதனைக்கு வருவோம். ஸ்பேனரைத் தொடுமுன் டிரைவரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். வைத்தியர் நாடி பார்க்குமுன் விசாரிக்கிற மாதிரி.

காலையில் மட்டும் தகராறா, சூட்டில் நிறுத்தி எடுத்தாலும் தகராறா? செல்ஃப் போட்டால் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? சுற்றும்போது சைலன்ஸரில் புகை வருகிறதா, வந்தால் என்ன நிறம்? எடுத்த பிறகு நாள் முழுக்க எப்படி ஓடுகிறது? இந்த நாலு பதிலும் கையில் இருந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். பலரும் கேட்பதே இல்லை. நேராக நாசிலைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முதல் அறை: சுற்றுகிற வேகம். இதுக்கு மல்டிமீட்டர் ஒன்று போதும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரியை அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 இருந்தால் பாதிதான் சார்ஜ். அடுத்து, ஒருவர் செல்ஃப் போட, நீங்கள் பேட்டரி முனைகளில் மீட்டரைப் பிடியுங்கள். சுற்றும்போது சுமார் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. போனால் பேட்டரி படுத்துவிட்டது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் குடிக்கிறது.

பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றுகிறதா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, செல்ஃப் போடச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிள் சரியில்லை. பாசிட்டிவ் பக்கத்தில் பேட்டரி போஸ்ட்டிலிருந்து செல்ஃப் மோட்டார் முனை வரைக்கும் 0.5 வோல்ட்டுக்குமேல் போகக்கூடாது. நம் பக்கத்தில் உப்புக்காற்று, செங்கல் சூளைப் புழுதி, மழைச் சேறு எல்லாம் உண்டு. சேஸிஸில் எர்த் பிடித்திருக்கிற போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. கழற்றி, எமரி ஷீட் போட்டுத் தேய்த்து, இறுக்கினால் செல்ஃப் புதுசு மாதிரிச் சுற்றும். புது பேட்டரி வாங்கப் போனவர் ஒரு எமரி ஷீட்டோடு திரும்பி வருவார்.

ஒரு விஷயம் சொல்லிக்கொள்கிறேன். செல்ஃபை 10 வினாடிக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள். போட்டால் அரை நிமிஷமாவது விடுங்கள். எடுக்காத கோபத்தில் அமுக்கிக்கொண்டே இருந்து செல்ஃபை எரித்தவர்கள் ஏராளம். அப்புறம் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

இரண்டாவது அறை: டீசல். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் சைலன்ஸரில் புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை என்று அர்த்தம். எரியாத டீசல் உள்ளே விழுந்தாலும் வெள்ளைப் புகையாக வெளியே வந்தே தீரும். புகை இல்லாத வண்டிக்கு ரிங் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டீசல் போகாததற்கு மிகச் சாதாரணக் காரணங்கள் உண்டு. இன்ஜினை நிறுத்த ஒரு கேபிள் இழுப்போம் அல்லவா, பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து முழுதாகத் திரும்பாது. பம்பில் உள்ள ஸ்டாப் லீவர் பாதி மூடியே நிற்கும். கையால் தள்ளிவிட்டால் வண்டி எடுத்துவிடும். ரோட்டரி பம்ப் உள்ள வண்டியில் கேபிளுக்குப் பதில் சோலினாய்டு இருக்கும். சாவி போட்டதும் 'டிக்'கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதற்கு கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

ஆனால் நான் பார்த்த வண்டிகளில் அதிகம் பிடிபட்ட கோளாறு வேறு. களக்காட்டுப் பக்கத்தில் வாழைத்தார் ஏற்றுகிற ஒரு அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டிருந்தார். அவர் சொன்ன அறிகுறி இது: "தம்பி, சாயங்காலம் நிப்பாட்டுற வரைக்கும் ராஜா மாதிரி ஓடுது. டீக்கடையில நிறுத்தி எடுத்தாலும் டக்குன்னு எடுத்துக்கிடுது. காலையிலதான் எடுக்க மாட்டக்கு. எடுத்தாலும் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுபோகுது. அப்புறம் ஒண்ணும் இல்லை." இன்ஜின் வேலைக்கு எஸ்டிமேட் வாங்கி வைத்திருந்தார். வீட்டம்மாள் முகத்தைப் பார்த்தாலே பணம் எங்கிருந்து வரப்போகிறது என்று புரிந்தது.

நான் அவரிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "அண்ணாச்சி, உங்க கிணத்துல பம்ப் செட் ஃபுட் வால்வு லீக்கானா என்ன செய்வீங்க?" அவர் சொன்னார், "ராத்திரி தண்ணியெல்லாம் கீழ இறங்கிடும். காலையில குடத்துல தண்ணி ஊத்தித்தான் ஓட்டணும்." அவ்வளவுதான், அவர் வண்டிக்கும் அதே சீக்கு. டீசல் டேங்க் கீழே, இன்ஜின் மேலே. நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸில் முடி அளவு வெடிப்பு, அல்லது பேஞ்சோ போல்ட்டில் காப்பர் வாசர் தேய்ந்திருக்கும். ராத்திரி முழுக்க அந்த வழியாகக் காற்று நுழைந்து, லைனில் நிற்கிற டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் பம்ப் காற்றைத்தான் குடிக்கும்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் என்னவென்றால், அந்த இடத்தில் ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகியிருக்காது. ஏனென்றால் அது உறிஞ்சுகிற பக்கம். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. அதனால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. ஓட்டையான ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் இளநீர் சிந்தாது, காற்றுத்தான் வாய்க்கு வரும். "எங்கேயும் ஒழுகலை, அதனால லைன் சரி" என்று சொல்வது இதனால்தான் தப்பு.

இதை உறுதி செய்ய மூன்று வழி இருக்கிறது, மூன்றும் செலவில்லாதவை. முதல் வழி: காலையில் செல்ஃபைத் தொடுமுன் ஃபீட் பம்பில் இருக்கிற ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் தொளதொளவென்று போய், 20, 30 அடிக்குப் பிறகு இறுகினால் லைன் காலியாக இருந்தது என்று அர்த்தம். இறுகிய பிறகு செல்ஃப் போட்டதும் எடுத்தால் நோய் உறுதி. இரண்டாவது வழி: ராத்திரி வண்டியைச் சரிவில் மூக்கு கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். டேங்க் உயர்ந்து நிற்பதால் டீசல் இறங்காது. மறுநாள் காலை பட்டென்று எடுத்தால் அதே நோய்தான். மூன்றாவது வழி: ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, பானெட்டுக்கு மேலே உயரமாகக் கட்டி, ஒரு புது ஹோஸில் நேரே ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி. அப்படி வைத்த காலையில் நன்றாக எடுத்தால் பம்ப், நாசில், ரிங் எதுவுமே குற்றவாளி இல்லை. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில்தான் ஓட்டை.

அந்த அண்ணாச்சி வண்டியில் ஃபில்டருக்கு முன்னால் ஒரு அடி ஹோஸும் நாலு காப்பர் வாசரும் மாற்றினோம். ஆன செலவு சில நூறு ரூபாய். எஸ்டிமேட் பேப்பரை அவர் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார், "பிறகு பார்க்கலாம்" என்று.

டீசல் அறையிலேயே தண்ணீர் என்று இன்னொரு வில்லன் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் டேங்க் மூடி ரப்பர் கிழிந்த வண்டிக்குள் தண்ணீர் இறங்கும். பாதி காலியான டேங்கில் ராத்திரி ஈரம் வேர்த்து நிற்கும். கேனில் வாங்கி வைத்த டீசலில் அடியில் இருக்கும். வாரம் ஒருமுறை ஃபில்டர் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தனியாகத் தெரியும். பம்புக்குள் இருக்கிற பிளஞ்சருக்கு டீசல்தான் எண்ணெய். தண்ணீர் போனால் தேய்ந்து துருப்பிடித்துவிடும். அப்புறம் செலவு பெரிது.

அந்தத் தேய்மானத்துக்கும் ஒரு அடையாளம் உண்டு. காலையில் நன்றாக எடுத்து, ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் எடுக்காத வண்டிகள் இருக்கின்றன. சூட்டில் டீசல் நீர்த்துப்போகும். பம்பின் உள்பாகம் தேய்ந்திருந்தால் அந்த இடைவெளியில் கசிந்து, நாசிலைத் திறக்கிற அழுத்தம் வராது. ஈரத் துணியைப் பம்பின் மேல் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் எடுக்கும். அப்படி எடுத்தால் டீசல் பம்ப் கடைக்குப் போக வேண்டியதுதான். கொதிக்கிற பம்பில் வாளித் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது அறை: காற்றும் கம்ப்ரஷனும். கறுப்புப் புகை கக்கிக்கொண்டு எடுக்காமல் நின்றால் முதலில் ஏர் ஃபில்டரைத் திறங்கள். நெல் உமியும் புழுதியும் சேர்ந்து அடைத்திருக்கும். எலி கூடு கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது, ஆனால் எடுக்கவில்லை என்றால் டீசல் விழுகிறது, பற்றவில்லை. இங்கே ஹீட்டர் பிளக்கைப் பார்க்கலாம், இருந்தால். பெஜோ டிசைன் இன்ஜின் மாதிரி தனிச் சின்ன அறையில் டீசல் தூவுகிற பழைய இன்ஜினுக்கு ஹீட்டர் பிளக் அவசியம். வண்டியின் பின்னால் 'டி.ஐ.' என்று எழுதியிருப்பதை அழகுக்கு என்று நினைக்கிறவர்கள் உண்டு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதன் சுருக்கம் அது. அந்தப் பழைய இன்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. இல்லாத பிளக்கை மாற்றினேன் என்று பில் போட்டால் விழித்துக்கொள்ளுங்கள்!

ஹீட்டர் பிளக் சரியென்றால் டேப்பட் கேப். வால்வு உட்காரும் இடம் தேய்ந்து டேப்பட் இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். ஃபில்லர் கேஜ் வைத்து ஒரு மணி நேரத்தில் சரி செய்கிற வேலை. இதைச் செய்யாமல் 'ரிங் போச்சு' என்று யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது. அதற்குப் பிறகு நாசிலைச் சோதிக்கலாம். கடைசியாகத்தான் கம்ப்ரஷன் கேஜ். நாலு சிலிண்டரும் ஒரே அளவில் குறைந்திருந்தால் வயசாகிவிட்டது. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு கதை இருக்கிறது.

அந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி பெருகி, கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, கைலாசபுரம் எல்லாம் தண்ணீரில் நின்றன. கிழக்கே ஸ்ரீவைகுண்டம் தீவாகிப் போனது. எத்தனையோ வண்டிகள் மூழ்கின. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து பிக்கப் ஒன்று பானெட் மூழ்க நின்றது. வெள்ளம் வடிந்ததும், எடுக்குதா பார்ப்போம் என்று யாரோ செல்ஃபைத் தொட்டிருக்கிறார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. பிறகு தண்ணீரை எடுத்து, ஆயில், டீசல் எல்லாம் மாற்றி ஓட்டிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து காலையில் வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங். சூடானால் சரியாகிவிடும். பம்ப் இரண்டு தடவை சர்வீஸ் ஆயிற்று; பலன் இல்லை.

கேஜ் வைத்தபோது மூன்று சிலிண்டரில் 26, 27 பார் அழுத்தம். ஒன்றில் மட்டும் 19. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் அந்தப் பிஸ்டன் மட்டும் மேலே வரும்போது 2 மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. தண்ணீர் நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் முட்டியதும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. வளைந்த ராடு குட்டையாகும், நசுக்கம் குறையும், சூடு குறையும். 2 மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். 17-க்கு 1 என்ற நசுக்கத்தை அது 13-க்கு 1 ஆக்கிவிடும். அந்த ஒரு ராடை மாற்றியதும் வண்டி சரியானது. அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் ராடு முறிந்து பிளாக்கைத் துளைத்திருக்கும்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: வெள்ளத்தில் நின்ற வண்டியில் செல்ஃபைத் தொடாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றுங்கள். நாசிலையோ ஹீட்டர் பிளக்கையோ எடுத்துவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றி, தண்ணீரை வெளியே தள்ளிய பிறகுதான் மற்றது. மழை இனியும் வரும்.

முடிக்குமுன் உயிர் சம்பந்தப்பட்ட மூன்று எச்சரிக்கை.

எடுக்காத வண்டியின் ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் துணியைப் பிடிப்பதும், தீக்கொளுத்தி காட்டுவதும், ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் நம் ஒர்க்‌ஷாப்புகளில் சகஜம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும்போது ஈதர் போனால் உள்ளே வெடிக்கும். பிஸ்டன் போகலாம், முகமும் போகலாம். எடுக்க வைப்பதால் கோளாறு தீரவும் இல்லை.

நாசில் சோதிக்கும்போது தூவலுக்கு முன்னால் விரலை நீட்டாதீர்கள். 200 பார் அழுத்தத்தில் வருகிற டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே சதை அழுகும். விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "பிரஷரில் டீசல் உள்ளே போயிட்டு" என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பைப் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கிற வழக்கம் பழைய மெக்கானிக்கல் பம்புக்கு மட்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுதும் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளும், அதற்கு முன்னால் வந்த காமன் ரெயில் வண்டிகளும் வேறு ஜாதி. அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். பழைய பழக்கத்தில் ஸ்பேனர் போட்டால் கை போய்விடும்.

என் வேண்டுகோள் ஒன்று. நம் சங்கம் வருஷந்தோறும் மலர் போடுகிறது, நல்ல காரியம். அதோடு, நான் இன்று சொன்ன வரிசையை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அச்சடித்து ஒர்க்‌ஷாப்புகளிலும் ஐ.டி.ஐ. வகுப்புகளிலும் மார்க்கெட் வாசலிலும் ஒட்டலாம். முதலில் கேள்வி, பிறகு பேட்டரி, எர்த், ஸ்டாப் கேபிள், ஹேண்ட் பிரைமர், டம்ளர் தண்ணீர், ஏர் ஃபில்டர், ஹீட்டர் பிளக், டேப்பட், நாசில், கடைசியில் கம்ப்ரஷன். செலவில்லாததிலிருந்து செலவுள்ளதுக்கு. பொங்கல் லோடு தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மில் 10 பேர் மல்டிமீட்டரோடு மார்க்கெட்டில் உட்கார்ந்தால் 50 வண்டி பார்க்கலாம். நான் வருகிறேன், என் பேட்ச் பையன்கள் வராவிட்டால் இழுத்துக்கொண்டு வருகிறேன்.

மெக்கானிக்குகளைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காதை வைத்தே கோளாறு சொல்கிற மேஸ்திரிகளிடம் நான் இன்றைக்கும் பாடம் கேட்கிறவன். அவர்களுக்கு நேரம் இல்லை, மீட்டர் இல்லை. நமக்குப் படிப்பு கிடைத்தது. இந்த ஊர் வரிப்பணத்திலும் இந்த ஊர் ஆசிரியர்கள் தயவிலும் கிடைத்தது. ஒருவர் வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகாமல் தடுக்க அந்தப் படிப்பு உதவினால், அதைவிட நல்ல மார்க்‌ஷீட் எனக்குத் தெரிந்து இல்லை.

வெளியே நிற்கிற வண்டி யாருக்காவது எடுக்கவில்லை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள். மீட்டர் கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.